மஞ்சள் சட்டைக்காரரும் ஈஸ்ட்ஹாம் பெடியளும்

கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகர், "உங்கள் வாழ்க்கையில் காசு கொடுத்துப் பார்த்ததில், காசு வீண்போகாதது எது?" என்று கேட்டிருந்தார். "1986 ஜூலை 12, சனிக்கிழமை, வெம்பிளி மைதானத்தில் குயின்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். குயின் என்றால் இங்கிலீஷ் ரொக் குழு, வெம்பிளி லண்டனில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வழக்கமாக வருகிற முழங்கால் நோ, காணி உறுதி, மருமகள் பிரச்சினை எல்லாம் இந்த மாதம் லீவில் போய்விட்டன. ஆகவே இந்த முறை முழுக்க அந்தக் கதைதான்.

ஐயா, நீங்கள் யாழ்ப்பாணத்து ஆள். உங்களுக்கும் இங்கிலீஷ் ரொக் பாட்டுக்கும் எப்படி ஒட்டியது?
– வாசகர், ஹரோ

இலங்கை வானொலியின் ஆங்கில சேவையால் ஒட்டியது. பகலில் வீட்டு ரேடியோ தமிழ்ச் சேவைக்கும் அம்மாவுக்கும் சொந்தம். இரவில் அது தமையனுக்கும் எனக்கும் வந்துவிடும். எங்களுக்கு ரொக், பொப், டிஸ்கோ என்ற பிரிவினை ஒன்றும் கிடையாது. இங்கிலீஷ் பாட்டு, அவ்வளவுதான். பிடித்த பாட்டுகளைக் கொப்பித் தாளில் எழுதி, வெறுங் கசெற்றோடு யாழ்ப்பாணம் ரவுணில் இருந்த ரெக்கோர்டிங் பாரில் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் பதிந்து தருவார்கள். என்னுடைய கசெற்றில் ஒரு பக்கம் குயின், மறுபக்கம் அபாவும் பொனி எம்மும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றியும், ஹெட்டை கொலோன் தொட்ட பஞ்சால் துடைத்தும் அதை வைத்திருந்தேன். பின்னாளில் ரேடியோ, ரீவி திருத்துவதே தொழிலாகப் போனதற்கு அந்தக் கசெற்தான் முதற் காரணம்.

84 இல் லண்டன் வந்தேன். அடுத்த வருடம் ஜூலை 13 ஆம் திகதி லைவ் எய்ட் கச்சேரி. ஈஸ்ட்ஹாமில் நாங்கள் கூட்டமாக இருந்த வீட்டு ரீவியில் பார்த்தோம். எதியோப்பியாப் பஞ்சத்துக்காக வெம்பிளியில் மத்தியானத்திலிருந்து ஆள் மாறி ஆள் பாடிக்கொண்டிருந்தார்கள். மாலை ஏழு மணிக்குக் கிட்ட குயின் வந்தது. இருபது நிமிஷம்தான். அதற்குள் சமையலறையில் கறி அடிப்பிடித்தது. அடுப்படியில் நின்றவனும் ரீவிக்கு முன்னால் வந்துவிட்டான். இவர்கள் அடுத்த முறை வெம்பிளிக்கு வந்தால் போயே தீருவது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ரிக்கற் என்ன விலை? அந்த நேரத்தில் ஊருக்குக் காசு அனுப்பாமல் கூத்துப் பார்க்கப் போனீர்களா?
– பெயர் போட வேண்டாம் என்று எழுதிய வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதினைந்து பவுணுக்குள் என்று ஞாபகம், அக்கா. ஊருக்கு உண்டியலில் போகிற காசு போனபடிதான் போனது. ரிக்கற் காசு, பெற்றோல் ஷெட்டில் கூடுதலாக இரவு வேலை நின்று பிடித்த காசு. இதே கேள்வியை அம்மாவும் ஏரோகிராமில் கேட்டு எழுதியிருந்தா. அவவுக்கும் இதே பதில்தான்.

அன்று என்ன நடந்தது? ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். வீடியோவை யூடியூப்பில் பலமுறை பார்த்துவிட்டேன். அதில் இல்லாததைச் சொல்லுங்கள்.
– மாணவர், ரொறன்ரோ

தம்பி, வீடியோவில் இல்லாத முதற் சங்கதி மணம். வெம்பிளி பார்க் ஸ்ரேஷனில் இறங்கினால் மைதானம் வரைக்கும் ஒரே நேர் வீதி. முடிவில் பழைய வெம்பிளியின் இரண்டு வெள்ளைக் கோபுரங்கள் நின்றன. இப்போது அவை இல்லை. 2003 இல் இடித்துவிட்டார்கள். அந்த வீதி நெடுக வெங்காயம் பொரிக்கிற மணம், பியர் மணம், முதல் நாள் மழையில் நனைந்து காயாத உடுப்பு மணம்.

போனது நாங்கள் இரண்டு பேர். கூட வந்த சிநேகிதனுக்கு குயினும் தெரியாது, கிங்கும் தெரியாது. நான் தனியே போய் அடி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வந்தவன். இது பகிடி இல்லை. அந்தக் காலத்தில் புட்போல் முடிந்து வருகிற கூட்டத்தைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறுவது எங்களுக்குப் பழக்கமாக இருந்தது. மொட்டையடித்து, பெரிய பூட்ஸ் போட்ட பெடியள் "பாக்கி" (பாகிஸ்தான்காரன் என்ற வசை) என்று கத்திக்கொண்டு துரத்துவார்கள். நாங்கள் அந்த நாடு இல்லை என்று நின்று விளங்கப்படுத்த நேரம் இராது. அப்படியிருக்க, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வெள்ளைக்காரரோடு ஒரே மைதானத்துக்குள் போய் நிற்கப் போகிறோம். சிநேகிதன் ரெயினிலேயே, "பிரச்சினை எண்டால் எந்தப் பக்கம் ஓடுறது?" என்று திட்டம் போடத் தொடங்கிவிட்டான்.

எங்களுக்குக் கதிரை இல்லை, மைதானத் தரையில் நிற்பதற்கான ரிக்கற். முதலில் மூன்று குழுக்கள் வாசித்தன: இன்எக்ஸஸ், தி அலாம், ஸ்ரேற்றஸ் குவோ. பின்னேரம் முழுக்கத் தலைக்கு மேலே பிளாஸ்ரிக் போத்தல்கள் பறந்தபடி இருந்தன. கழிப்பறைக்குப் போனால் நின்ற இடம் பறிபோய்விடும் என்று நினைத்தவர்கள் செய்த வேலை அது. போத்தலில் என்ன இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. வீடியோக்காரர் அந்தப் பக்கம் கமெராவைத் திருப்பவில்லை.

நான் கட்டையன். எனக்கு முன்னால் நின்றவர் ஆறடிக்கு மேல். முதுகு முழுக்கக் குழுக்களின் பட்ஜ் தைத்த, கையில்லாத டெனிம் சட்டை. ஸ்ரேற்றஸ் குவோ ரசிகர்களின் சீருடை அது. குவோ முடிந்ததும் அவர் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் மேலிருந்து கீழே பார்த்தார். சிநேகிதன் என் கையைப் பிடித்தான். அந்த மனுஷன் என்னைத் தோளில் பிடித்து, அப்படியே தூக்கி வைத்தது போலத் தனக்கு முன்னால் விட்டார். "இப்ப தெரியுதா?" என்கிற மாதிரி ஏதோ கேட்டார். அவருடைய உச்சரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. நன்றிக்கு என்ன செய்வது என்று தெரியாமல், ஈயத்தாளில் சுற்றிக் கொண்டுபோன சம்பல் பாணில் ஒரு துண்டை நீட்டினேன். ஒரே கடி. முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் வந்து, பியரைக் குடித்து, கொஞ்சம் மூச்சு விட்டார். பிறகு மிச்சத் துண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

லண்டனில் ஜூலையில் பொழுதுபட ஒன்பது மணி தாண்டும். அதனால் குயின் வந்தபோது நல்ல வெளிச்சம். மைதானத்தின் ஒரு முனையை முழுதாக அடைத்த மேடை, அதற்கு மேலே பெரிய திரை. 'வன் விஷன்' பாட்டின் தொடக்கம் முழங்க, புகை எழும்ப, மஞ்சள் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையுமாகக் குழுவின் பாட்டுக்காரர் ஃப்ரெடி மெர்க்குரி ஓடி வந்தார். அந்தச் சட்டையை இன்றைக்கு பொம்மைக்கும் போட்டு விற்கிறார்கள். அன்றைக்கு அது ஒரு புது உடுப்பு, அவ்வளவுதான். கையில் மைக், அதன் தாங்குகம்பியில் பாதியோடு. நடுவில் நாலு பேரின் உருவத்திலும் காற்றடைத்த பெரிய பொம்மைகளை அவிழ்த்துவிட்டார்கள். அந்தப் பயணத்தில் பறந்த பொம்மைகளில் ஒன்று எசெக்ஸில் செம்ஸ்ஃபோர்ட் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் போய் இறங்கியதாகச் சொல்வார்கள்.

வீடியோவில் கிடைக்காத இன்னொன்றைச் சொல்கிறேன். 'ரேடியோ காகா' பாட்டில் எல்லாரும் தலைக்கு மேலே கையைத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டுவார்கள். திரையில் பார்த்தால் எல்லாக் கையும் ஒன்றாகத் தட்டுவதாகத் தெரியும். உள்ளே நின்றால் அப்படி இல்லை. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர்தான் போகும். மேடையிலிருந்து நூறு மீற்றர் பின்னால் நிற்கிறவனுக்குப் பாட்டு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு செக்கன் பிந்தித்தான் கேட்கும். அவன் தனக்குக் கேட்கிறபடி தட்டுவான். முன்னால் நிற்கிறவர்களின் கைகள் முதலில் எழும்பும், பிறகு நாங்கள், பிறகு பின்னால். திரும்பிப் பார்த்தேன், கைகள் வரிசை வரிசையாகப் பின்னோக்கி எழும்பிக்கொண்டு போயின. எங்கள் கைதட்டல் முடிந்த பிறகு பின்னாலிருந்து அது திரும்பவும் காதில் வந்து விழுந்தது. ரேடியோ திருத்தப் படித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் காட்சிக்கே ரிக்கற் காசு சரி.

'பொஹீமியன் ரப்சொடி' வந்தபோது சிநேகிதன் திகைத்துவிட்டான். பாட்டின் நடுவில் ஒப்பெரா மாதிரி ஒரு பகுதி வரும். அந்த இடத்தில் நாலு பேரும் மேடையை விட்டுப் போய்விட்டார்கள். பாட்டு மட்டும் நிற்கவில்லை. "ஆக்களைக் காணேல்லை, ஆரடா பாடுறது?" என்று என் காதுக்குள் கத்தினான். ஒலிநாடா பாடியது. 1975 இல் அந்தப் பகுதியை மூன்று பேர் திரும்பத் திரும்பப் பாடி, குரலின் மேல் குரலாக அடுக்கினார்கள். அதற்கு மட்டும் மூன்று கிழமை போனதாம். நாடா ஓடி ஓடி, அதன் பூச்சுத் தேய்ந்து வெளிச்சம் மறுபக்கம் தெரிந்த கதையை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதை மேடையில் நாலு பேரால் பாட ஏலாது. ஏலாததை ஏலும் என்று காட்டாமல் ஒதுங்கிக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது வாயசைத்துக்கொண்டே நிற்கிறவர்களைப் பார்க்கும்போது அந்த வெறும் மேடை ஞாபகம் வரும்.

குழு பிரியப் போகிறது என்று அப்போது பத்திரிகைகளில் கதை அடிபட்டது. ஃப்ரெடி அதை மேடையிலேயே எடுத்தார். அப்படிச் சொல்கிறவர்கள் எதனால் கதைக்கிறார்கள் என்று தன் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். சாகும் வரைக்கும் சேர்ந்தே இருப்போம் என்றார், நடுவில் இந்தப் பத்திரிகையில் போட முடியாத ஒரு சொல்லையும் சேர்த்து. எல்லாரும் சிரித்தோம். ஓகஸ்ட் 9 ஆம் திகதி நெப்வேர்த்தில் நடந்த அடுத்த பெரிய கூட்டத்துக்கு எனக்கு வேலை லீவு கிடைக்கவில்லை. அடுத்த முறை பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். ஃப்ரெடியோடு குயின் வாசித்த கடைசிக் கச்சேரியாக அதுவே போயிற்று.

வெம்பிளியில் முடிவில் ஃப்ரெடி தலையில் கிரீடமும் தோளில் அரச அங்கியுமாக வந்து நின்றார். பிரிட்டிஷ் தேசிய கீதத்தை குழுவின் கிற்றார்காரர் பிரையன் மேயின் கிற்றார் வாசிக்க, மைதானமே சேர்ந்து பாடியது. விசா முடிவு இன்னும் வராத நாங்கள் இரண்டு பேரும் நேராக நிமிர்ந்து நின்றோம். யார் கண்டது, பலன் கிடைக்கலாம்.

திரும்பி வரும்போது ரெயினில் கை அசைக்க இடமில்லை. பெட்டி முழுக்க 'வீ ஆர் த சம்பியன்ஸ்'. சொற்கள் தெரியாத சிநேகிதன் வாயில் வந்ததைப் போட்டுப் பாடினான். பேக்கர் ஸ்ட்ரீற்றில் மாறி ஈஸ்ட்ஹாமில் இறங்கினோம். எந்தப் பக்கம் ஓடுவது என்ற திட்டம் தேவைப்படவில்லை.

ஃப்ரெடி மெர்க்குரி இந்தியர் என்கிறார்களே, உண்மையா? அப்போதே உங்களுக்குத் தெரியுமா?
– வாசகர், சென்னை

பெற்றோர் குஜராத்திலிருந்து போன பார்சிகள். பெயர் ஃபரோக் புல்சாரா. பிறந்தது கிழக்கு ஆபிரிக்கத் தீவான ஸன்ஸிபாரில், 1946 செப்ரெம்பர் 5. தகப்பன் அங்கே பிரிட்டிஷ் அரசாங்கக் கணக்கில் வேலை. பிள்ளையை மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். முதல் இசைக்குழுவே அங்கே தொடங்கியதுதான், பெயர் ஹெக்ரிக்ஸ். திரும்பி ஸன்ஸிபாருக்குப் போனார். 1964 ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்து, அரேபியரும் இந்தியரும் வெட்டுக் கொத்துக்குள் அகப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் கிளம்பி லண்டனுக்கு மேற்கே ஃபெல்தமில் வந்து குந்தியது. அப்போது ஃப்ரெடிக்கு 17 வயது.

ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலையும் செய்திருக்கிறார். ஈலிங்கில் ஓவியக் கல்லூரி. கென்சிங்ரன் மார்க்கெற்றில், பிறகு குயினில் ட்ரம்ஸ் அடித்த ரோஜர் டெய்லரோடு சேர்ந்து பழைய உடுப்புக் கடை. இதைப் படிக்கிற எங்கட சனத்துக்கு இந்தச் சரித்திரத்தில் புதுமை ஏதாவது தெரிகிறதா? எனக்குத் தெரிந்த பாதிப் பேரின் வாழ்க்கை இதுதான், கடைசியில் வெம்பிளி மட்டும் இல்லை.

அன்று எனக்கு இது ஒன்றுமே தெரியாது. 1991 நவம்பர் 23 ஆம் திகதி தனக்கு எயிட்ஸ் என்று அறிவித்தார், மறுநாள் காலமானார். பார்சிக் குருமார் வந்து கிரியை செய்ததாகச் செய்தி வந்தது. கடையில் ஒரு ரீவியைக் கழற்றி வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். பின்னேரம் அந்தச் சிநேகிதன் போன் எடுத்தான். "மச்சான், அண்டைக்கு அவ்வளவு சனத்துக்குள்ளை நாங்கள் ரெண்டு பேர்தான் எண்டு பயந்தம். மூண்டாவது ஆள் மேடையிலை நிண்டிருக்கிறான்" என்றான்.

அதற்காக "எங்கட ஆள்" என்று பிடித்து இழுக்கிற வேலையில் எனக்கு உடன்பாடு இல்லை. தன் பிறப்பைப் பற்றி அவர் வெளியே அதிகம் கதைத்ததில்லை. கதைக்காமல் விட்டது வெட்கத்தாலா, பயத்தாலா, சும்மா அலுப்பாலா என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல ஏலாது. லண்டனில் எண்பதுகளில் பெயரைச் சுருக்கி "சிவா", "நேதன்" என்று வைத்துக்கொண்டவர்கள் முதலில் தங்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பிரையன் மேயின் கிற்றார் அவரே செய்தது என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?
– பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

பிள்ளை, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1963 இல், பள்ளிக்கூடத்துப் பெடியனாக இருந்த பிரையன் மேக்கு நல்ல மின்கிற்றார் வாங்க வசதியில்லை. தகப்பன் இலத்திரனியல் பொறியியலாளர். இரண்டு பேருமாகச் சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கினார்கள். முடிய இரண்டு வருடத்துக்குக் கிட்டப் பிடித்தது. கழுத்து, ஒரு பழைய கணப்படுப்பின் மேற்சட்டப் பலகையிலிருந்து வெட்டியது. நூறு வருடத்துக்கு மேல் பழைய மொகோகனி, புழு அரித்த ஓட்டைகளோடு. அந்த ஓட்டைகளை நெருப்புக்குச்சியால் அடைத்தார்கள். கம்பிகளை இழுத்துத் தளர்த்துகிற அமைப்புக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அதன் கைபிடி, சைக்கிள் பையைத் தாங்குகிற கம்பி. நுனியில் தாயாரின் பின்னலூசித் துண்டு. கழுத்தில் அடையாளப் புள்ளிகளுக்கு, தாயாரின் தையற்பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். அதைத்தான் வெம்பிளியிலும் வாசித்தார், பழைய ஆறு பென்ஸ் நாணயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. பின்னால் வொக்ஸ் கம்பனியின் ஏசி30 அம்பிளிஃபயர்கள் அடுக்கி இருந்தன. இந்த மனுஷன் பாதியில் விட்ட வானியல் ஆராய்ச்சியை முப்பது வருடத்துக்குப் பிறகு எடுத்து, 2007 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டொக்டர் பட்டமும் வாங்கினார்.

ஆனால் எனக்குப் பிடித்த பொருள் அந்தக் கிற்றார் இல்லை. பேஸ் கிற்றார் வாசித்த ஜோன் டீக்கன் இலத்திரனியல் படித்தவர். மேடையில் அதிகம் அசையாத ஆள். 72 வாக்கில், வீதியோரக் குப்பைத் தொட்டியில் ஒரு சேர்கிற் போர்ட் கிடப்பதைக் கண்டு எடுத்து வந்தார். அதை ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் பூட்டி, ஒன்பது வோல்ட் பற்றறியில் ஓடவிட்டார். உள்ளே ஜேர்மானியம் ட்ரான்சிஸ்டர்கள், மிகச் சிறிய சக்தி. 'டீக்கி' என்று அதற்குப் பெயர் வந்தது. 'குட் கொம்பனி' என்ற பாட்டில் கிளாரினெற்றும் ட்ரொம்போனும் வைத்த பழைய ஜாஸ் குழு வாசிப்பதாகக் கேட்கும். அந்த ஊது வாத்தியம் ஒன்றும் கிடையாது. எல்லாம் அந்தக் கிற்றாரும் குப்பையில் கிடந்த அந்தப் போர்ட்டும் செய்த வேலை. நான் கடை நடத்திய காலத்தில் எந்தப் பழைய போர்ட்டையும் எறிய விடமாட்டேன். காரணம் கேட்ட வேலைக்காரப் பெடியனுக்கு இந்தக் கதையைத்தான் சொல்லுவேன். அவன் நம்பவில்லை என்பது வேறு.

1984 இல் குயின் நிறவெறித் தென்னாபிரிக்காவில் போய் வாசித்தது உங்களுக்குத் தெரியாதா? 83 கலவரத்தால் ஓடி வந்த நீங்கள் எப்படி அவர்களுக்குக் கைதட்டினீர்கள்?
– வாசகர், ஒஸ்லோ

தெரியும். 84 ஒக்ரோபரில் சன் சிற்றியில் வாசித்தார்கள். ஐக்கிய நாடுகளின் கலாசாரப் புறக்கணிப்பு நடப்பில் இருந்த நேரம். இங்கே இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது, ஐ.நா. தன் பட்டியலில் பெயரைப் போட்டது. எல்லா இனத்தவருக்கும்தான் வாசித்தோம், நாங்கள் அரசியற் குழு இல்லை என்பது அவர்களின் வாதம். எனக்கு அது ஏறவில்லை. 83 ஜூலைக்கு அடுத்த வருடம் வெளிநாட்டுக் குழு ஒன்று கொழும்பில் வந்து கச்சேரி வைத்து, "நாங்கள் அரசியலுக்கு வரவில்லை" என்று சொல்லியிருந்தால், கேட்கிற எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்கள் செய்தது பிழை.

86 ஏப்ரலிலிருந்து ட்ரஃபால்கர் சதுக்கத்தில் தென்னாபிரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் இரவு பகலாக மறியல் நடந்தது. மண்டேலாவை விடு என்று பதாகையோடு ஆட்கள் மாறி மாறி நின்றார்கள். அந்தச் சனிக்கிழமையும் நின்றார்கள். நான் வெம்பிளியில் நின்றேன். 2003 இல் கேப் ரவுணில், மண்டேலாவின் எயிட்ஸ் எதிர்ப்பு நிதிக்காக நடந்த கச்சேரியில் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் போய் வாசித்தார்கள். அதோடு கணக்குத் தீர்ந்ததா என்று கேட்டால், அதைத் தீர்க்கிற உரிமை தென்னாபிரிக்கக் கறுப்பினச் சனத்துக்கு. எனக்கில்லை. பாட்டை நான் இன்றைக்கும் கேட்கிறேன்.

நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இரைச்சல் எப்படி இனிக்கும்?
– வாசகர், பாரிஸ்

தவிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? சின்ன வயதில் அப்பா என்னைத் தோளில் வைத்துக் கோயில் திருவிழா மேளச்சமாவுக்குக் கொண்டுபோவார். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலை அப்படிக் கேட்டதுண்டு. அவர் 1975 இல் போய்விட்டார். எதிர்த் தவில்காரர் ஒரு சொற்கட்டை வீசுவார், இவர் அதை வாங்கி இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டுத் திருப்பி எறிவார். சனம் வாய் திறந்தபடி விடியும் வரை நிற்கும். வெம்பிளியில் ஃப்ரெடி "ஏ... ஓ" என்று ஒரு சங்கதி பாடி நிறுத்த, எழுபதாயிரம் பேரும் அதை அப்படியே திருப்பிப் பாட, அவர் கொஞ்சம் கடினமாக்கி அடுத்ததை எறிய, எனக்கு எங்கள் கோயில் வீதிதான் ஞாபகம் வந்தது. ஒரு வித்தியாசம்: இங்கே எதிர்த் தவில் நாங்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனத்தைப் பாடவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தானாக வந்த யோசனை இல்லை. 1977 இல் ஸ்ரஃபோர்ட் பிங்லி ஹோலில் கச்சேரி முடிந்த பிறகு சனம் கலையாமல் நின்று தாங்களாகவே ஒரு பாட்டைப் பாடியது. அதைக் கேட்டுத்தான் பிரையன் மே 'வீ வில் ரொக் யூ'வையும், ஃப்ரெடி 'வீ ஆர் த சம்பியன்ஸை'யும் எழுதினார்கள். காலால் இரண்டு, கையால் ஒன்று. பாட்டுத் தெரியாதவனும் சேரலாம்.

இப்போது அடம் லம்பேர்ட் பாடுகிற குயினுக்குக் காசு கொடுத்துப் போகலாமா?
– வாசகி, மெல்பேர்ன்

தாராளமாகப் போங்கள். அந்தப் பெடியனுக்கு நல்ல குரல், ஃப்ரெடியைப் பார்த்து நடிக்காமல் தன் பாட்டில் பாடுகிறான். ஜோன் டீக்கன் எப்போதோ ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறார், அதுவும் அவர் விருப்பம். நான் போகவில்லை. ரிக்கற் விலையைப் பார்த்தேன், முழங்காலையும் பார்த்தேன்.

அன்று படம் எடுத்தீர்களா? ரிக்கற் துண்டாவது இருக்கிறதா?
– வாசகர், கொழும்பு

கமெரா அப்போது எங்களிடம் இல்லை. ரிக்கற் துண்டை காற்சட்டைப் பையில் வைத்து லோண்டரெற்றில் போட்டுவிட்டோம். மாவாய் வந்தது.

முதல்முறை கேட்கிறவன் எதில் தொடங்கலாம்?
– வாசகர், திருநெல்வேலி

வெம்பிளிக் கச்சேரியின் 25 ஆம் ஆண்டுப் பதிப்பு 2011 இல் வந்தது. அதில் சனிக்கிழமையோடு முதல் நாள் வெள்ளிக்கிழமையும் இருக்கிறது. சனிக்கிழமையைப் பாருங்கள். பொழுதுபட்ட பிறகு ஃப்ரெடியும் பிரையன் மேயும் இரண்டு முக்காலிகளில் இருந்துகொண்டு 'லவ் ஒஃப் மை லைஃப்' பாடுகிற இடத்தில், ஃப்ரெடி வாயை மூடிக்கொண்டு சனத்தைப் பாடவிடுவார். அங்கே தொடங்கினாலும் பிழையில்லை. போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், ஜோன் டீக்கனின் பேஸ் அதில் வராது. வீட்டில் பழைய பெரிய ஸ்பீக்கர் இருந்தால் தூசி தட்டி எடுங்கள். இரைந்தால் இணைப்பு வயரைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் பழுது.